இருப்பதற்கு ஒரு லீவு

1

போன வாரம் என் மகள் மித்ராவுக்குப் பள்ளியில் கடைசி நாள். அவளோடு படித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி கருநீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் 'லீவர்ஸ்' என்று அச்சடித்திருந்தது. விட்டுப் போகிறவர்கள் என்று அர்த்தம். இங்கிலாந்தில் பள்ளியை முடிக்கிறவர்களுக்கு அதுதான் பெயர். எங்கள் ஆவடியில் பள்ளியை முடித்தவன் பாஸானவன், இல்லையென்றால் ஃபெயிலானவன். போகிறவன் என்று முதுகில் எழுதி யாரும் அனுப்பி வைப்பதில்லை.

"அம்மா, இதை உள்பக்கம் திருப்பித் துவை. இல்லன்னா லெட்டர்ஸ் எல்லாம் போயிடும்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். துவைத்துத் தோட்டத்துக் கொடியில் போட்டேன். திருப்பிப் போட மறந்துவிட்டேன். சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவிய நேரம் முழுக்க அந்தச் சொல் என்னைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் அவள் வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள். ரயிலில் நான்கு மணி நேரம். சாப்பிடும்போது கேட்டாள்: "நான் லீவ் பண்ணப்புறம் என் ரூம் என்ன ஆகும்?"

"அப்படியே இருக்கும்" என்றேன்.

"நோ, சீரியஸ்லி. உனக்கு யூஸ் ஆகுமே."

அவளுடைய தமிழில் வினைச்சொற்கள் எல்லாம் இப்படித்தான், ஆங்கிலத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து 'பண்ணு' போட்டுவிடுவாள். அதைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. லீவ் என்ற இந்த ஒரு சொல்லோடு எனக்கே நாற்பது வருடத் தகராறு. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

என் அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர். திண்டுக்கல் பக்கமிருந்து வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். எங்கள் குவார்ட்டர்ஸில் லீவு என்பது சாதாரணச் சொல் இல்லை. சி.எல். இருக்கா, ஈ.எல். எத்தனை, மெடிக்கல் போட்டானாமே, சாங்ஷன் ஆச்சா, இப்படியேதான் சாயங்காலப் பேச்சு ஓடும். ஒருவன் நல்லவனா கெட்டவனா என்பதைக்கூட அவன் லீவுக் கணக்கை வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

அப்பா லீவே போடாதவர். எனக்கு அம்மை போட்டிருந்தபோதும் காலைச் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார். "லீவு தேங்கா மாதிரி. ஒடச்சா அன்னைக்கே தின்னணும். ஒடைக்காம வெச்சிருந்தா கெடக்கும்" என்பார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்கப்பன் செத்தாலும் அன்னைக்கு லீவு போட மாட்டாரு" என்று பாத்திரத்தை வைக்கிற வேகத்தில் தெரியும்.

ஆனால் எனக்கு லீவு லெட்டர் எழுதித் தருவதென்றால் அவருக்குத் தனி ஆசை. பத்தாவது வரை படித்தவர். அவருக்குத் தெரிந்த முழு ஆங்கிலமும் அந்த ஒரு கடிதத்தில் இருந்தது. கோடு போட்ட தாளைக் கிழித்து, மடித்து, ஓரம் விட்டு எழுதுவார். ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம். ஆஸ் மை டாட்டர் இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் ஹெர் லீவ் ஃபார் டூ டேஸ். எழுதி முடித்ததும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுவார். காய்ச்சலில் போர்த்திக்கொண்டு நான் கேட்க வேண்டும்.

"கிராண்ட்னு எழுதணும். கிவ்னு எழுதக் கூடாது. கிவ்னா பிச்சை கேக்கற மாதிரி" என்பார். பிற்பாடு பி.எஸ்ஸி. படித்த நான் அவரைத் திருத்தப் பார்த்திருக்கிறேன். இப்போது தெரிகிறது, அவர் எழுதியதுதான் சரி.

ரிட்டயர் ஆனபோது உடைக்காத தேங்காய்கள் எல்லாம் பணமாக வந்தன. அதில்தான் முத்தாபுதுப்பேட்டையில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு எழும்பியது. கீழே ஒரு ஹால், ஒரு ரூம், மேலே மொட்டை மாடி. என் கல்யாணமும் அந்த வீட்டில்தான் நடந்தது. ஆறே மாதத்தில் கணவரோடு இங்கே வந்துவிட்டேன்.

3

வந்த புதிதில் லீவ் என்னை நன்றாகவே அலைக்கழித்தது.

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து இரண்டாவது மாதம். நேற்று ஏன் வரவில்லை என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். 'ஐ புட் லீவ்' என்றேன். லீவு போட்டேன் என்பதை வேறெப்படிச் சொல்வது. அவள் அக்கறையாகக் கேட்டாள், எங்கே போட்டாய் என்று.

டாக்டரிடம் பதிவு செய்யப் போனபோது வரவேற்பில் இருந்தவர் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டார். தெருப் பெயரைச் சொல்லி 'ஐ லீவ் தேர்' என்றேன். வசிப்பதும் விட்டுப் போவதும் என் வாயில் ஒரே மாதிரிதான் வந்தன. அப்படியானால் புது முகவரி என்ன என்று அவர் கேட்க, நான் அதே முகவரியை இன்னும் சத்தமாகச் சொல்ல, பின்னால் நின்ற வரிசை எங்கள் இருவருக்காகவும் வருத்தப்பட்டது.

இன்னொரு நாள் நகராட்சி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா என் காகிதங்களைப் புரட்டிவிட்டு 'லீவ் இட் வித் மீ' என்றார். நானும் கல்யாணச் சான்றிதழின் ஒரிஜினலை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். அதைத் திரும்ப வாங்க மூன்று முறை நடந்தேன்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. அடுத்தது அப்படி இல்லை.

வெளிநாட்டவர் இங்கே நிரந்தரமாக இருப்பதற்கு அரசு தரும் அனுமதிக்குப் பெயர் 'இன்டெஃபினிட் லீவ் டு ரிமெய்ன்'. காலவரையில்லாமல் இருந்துகொள்ள லீவ். அகராதியை எடுத்துப் பார்த்தேன். விட்டுப் போவது என்கிற லீவ் ஒன்று, அனுமதி என்கிற லீவ் வேறொன்று. வேறு வேறு வேரிலிருந்து வந்து, காலப்போக்கில் ஒரே முகமாகிவிட்டன. அப்பாவின் கடிதத்தில் இருந்தது இரண்டாவது லீவ். அதனால்தான் 'கிராண்ட்' என்பது சரி.

வருடக்கணக்காகப் படிவம் நிரப்பினோம். கைரேகை வைத்தோம். இந்த நாட்டைப் பற்றிய தேர்வு எழுதினோம். எந்தெந்தத் தேதியில் நாட்டை விட்டு வெளியே போனாய், எப்போது திரும்பினாய் என்று ஒரு பக்கம் முழுக்கக் கட்டங்கள். வெளியே அதிகம் போனால் தகுதி போய்விடும் என்பதால் ஆவடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டோம். ஒருநாள் மதியம் கடிதம் வந்தது. 'யூ ஹாவ் பீன் கிராண்டட் லீவ்' என்று தொடங்கியது. அப்பாவின் ஆங்கிலம்.

சந்தோஷத்தில் அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன். விளையாட்டாக ஃபேக்டரி பாஷையில் சொன்னேன்.

"அப்பா, லீவு சாங்ஷன் ஆயிடுச்சுப்பா."

"எத்தனை நாளும்மா?"

"நாள் கணக்கே கெடையாது. இன்டெஃபினிட்."

பிறகு, "பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்றார்.

"குடுத்துட்டாங்கப்பா. கையில வெச்சிருக்கேன்."

"சரி, சரி. போனை வை. உனக்குச் செலவாவும்."

வாட்ஸப்பில் செலவு இல்லை என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவசரமாக வைத்துவிட்டார். மகள் நிரந்தரமாக அங்கேயே தங்கிவிட்டாள் என்கிற சந்தோஷமும் வருத்தமும் கலந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். நமக்குச் சாதகமாக நினைத்துக்கொள்வதற்கு யாருடைய லீவும் தேவையில்லை.

4

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கன்னியம்மாக்கா திரைக்குள் தலையை நீட்டினார். மீன் விற்கிறவர், என்னைக் கல்யாணப் பெண்ணாகப் பார்த்தவர்.

"இன்னா பாப்பா, எப்ப வர? உங்க நைனா மாடில ரூம் கட்டிகினு கீறாரு, சொல்லலையா? கக்கூஸு கூட சேர் மாரி இங்கிலீஸ் கக்கூஸு. பேத்திக்குக் குந்த வராதாமே."

"ஏய், சும்மா இரு கன்னியம்மா" என்று அப்பாவின் குரல் வந்தது. திரை ஆடி, கூரையைக் காட்டி, மறுபடி அவர் முகத்துக்கு வந்தது. "நீங்க வந்ததும் பார்த்துக்கலாம்னு சொல்லல" என்றார்.

"நாங்க எங்கப்பா வர்றோம்?"

"நீதானம்மா சொன்ன. லீவு சாங்ஷன் ஆயிடுச்சுன்னு. நாள் கணக்கே இல்லன்னு."

"அப்பா, அது அந்த லீவு இல்லப்பா. இங்கயே இருக்கறதுக்குக் குடுக்கற லீவு."

"இருக்கறதுக்கா?"

"ஆமாப்பா."

அவர் அதைக் கொஞ்சம் மென்று பார்த்தார். கோபமே இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "போறதுக்குத்தானம்மா லீவு. இருக்கறதுக்கு எதுக்கு லீவு?"

இந்த நாட்டில் எனக்குத் தேர்வு வைத்துக் கேட்ட எந்தக் கேள்வியும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"நல்லதுதான். எப்படிப் பார்த்தாலும் நல்ல சேதிதான்" என்று அவரே முடித்தார். அங்கே குளிரா என்று கேட்டார். கன்னியம்மாக்கா எப்போது நழுவினார் என்று தெரியவில்லை.

அடுத்த வருடம் டிசம்பரில் போனோம். பதினாறு நாள். மாடி ரூமுக்கு இளநீலம் அடித்திருந்தார். பேத்திக்கென்று ஒரு மேசை, அதன் மேல் கண்ணாடி. மித்ராவுக்கு அங்கே இரண்டு விஷயம்தான் பிடித்திருந்தது, காலையில் போகும் ரயில்களின் சத்தமும் கன்னியம்மாக்காவின் வஞ்சிரமும். மற்ற நேரமெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா மூச்சு வாங்கப் படியேறி வந்து, கதவைத் தட்டி, "ஏசி போதுமாம்மா?" என்பார். அவள் "ஓகே தாத்தா" என்பாள். அவர் இறங்கிப் போவார். பதினாறு நாளும் அவர்கள் பேசிக்கொண்டது அதிகபட்சம் அவ்வளவுதான்.

கிளம்புகிற அன்று டாக்ஸியில் பெட்டியை ஏற்றிவிட்டு அப்பா சொன்னார்: "அடுத்த தடவை கொஞ்சம் சேர்த்து லீவு வாங்கிக்கினு வா."

5

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, ஜனவரியில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே இருமல். அம்மா தினமும் பேசினாள். ஒரு நாள் பரவாயில்லை என்பாள், மறுநாள் கஞ்சிகூட இறங்கவில்லை என்பாள். நான் வரட்டுமா என்று கேட்டேன். கேட்டது நிஜம். ஆனால் எந்தக் குரலில் கேட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்கிற குரல் அது.

அப்பா போனை வாங்கினார். "லீவெல்லாம் போடாத. சாதாரண ஜொரம். புள்ளைக்கு வெச்சுக்கோ."

பிப்ரவரியில் மித்ராவுக்கு ஒரு வாரம் பள்ளி விடுமுறை வரும். பனிமலைக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகத்தான் லீவைச் சேர்த்து வைத்திருந்தேன், அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண். அவர் சொன்ன சொல்லை அனுமதியாக எடுத்துக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கன்னியம்மாக்காதான் போன் செய்தார். "பாப்பா, நைனா பூட்டாரு" என்றார்.

இங்கே துக்கத்துக்கென்று தனியாக ஒரு லீவ் இருக்கிறது. கருணை லீவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள். கணினியில் படிவம் திறந்தால் இறந்தவர் உனக்கு என்ன உறவு என்று ஒரு பட்டியல் விரியும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். தொட்டேன். என் மேற்பார்வையாளர் ஹெலன் நல்ல பெண். தோளைப் பிடித்துக்கொண்டு, 'உன்னுடைய வருட லீவைத் தொடாதே, அது அப்படியே இருக்கட்டும்' என்றாள். அவள் அன்பாகச் சொன்னதுதான். அது என்னை எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பா எனக்காகக் காத்திருந்தார். கண்ணாடியில் ஈரம் படர்ந்திருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்து, ஆறாம் நாள் ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

6

வருஷ திதிக்குப் போனபோது அம்மாவும் நானும் மட்டும் மாடி ரூமில் உட்கார்ந்திருந்தோம். ஐயர் கிளம்பி, உறவுக்காரர்களும் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். அம்மா பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

கோடு போட்ட தாள். ஓரம் விட்டிருந்தது. எழுத்து நடுங்கி, கோட்டை விட்டு ஏறி இறங்கியிருந்தது.

ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம். ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மை டாட்டர் சுமதி லீவ் ஃபார். அதற்குப் பிறகு ஒரு கோடு. கோட்டுக்கு மேல் எதுவும் எழுதவில்லை. பிறகு, டேஸ். கீழே பெற்றோர் கையெழுத்து என்று ஆங்கிலத்தில் போட்டு, அதன் மேல் அவர் கையெழுத்து.

எத்தனை நாள் என்பதை மட்டும் அவர் நிரப்பவில்லை.

"போறதுக்கு அஞ்சாறு நாள் முந்தி எழுதினாரு" என்றாள் அம்மா. "எந்திரிச்சு உக்கார முடியல, தலகாணிய மடியில வெச்சுக்கினு எழுதினாரு. கன்னியம்மா போன்ல போட்டோ புடிச்சு உன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாரு. சுமதிகிட்ட சொன்னா கேக்க மாட்டா, நேரா எழுதிட்டா வுட்டுருவாங்கன்னாரு."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்டி வேணாம்னேன். பொண்ணு கவுரவமா ஒரு எடத்துல வேல செய்யுது, பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கற மாரி லெட்டர் அனுப்பினா வெள்ளக்காரங்க சிரிப்பாங்க, உனக்குக் கெட்ட பேரு வந்துடும்னு சொல்லி வாங்கி உள்ள வெச்சிட்டேன். அவரு தெனம் கேட்டாரு, அனுப்பிட்டியா, பதில் வந்துச்சான்னு. அனுப்பிட்டேன்னு சொல்லிட்டேன்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பதில் வரல, பதில் வரலன்னே பூட்டாரு மனுஷன்."

வெளியே ஒரு ரயில் போனது. அது போகும்வரை அம்மா காத்திருந்தாள். பிறகு ஒரு வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அனுப்பிருந்தா வுட்ருப்பாங்களாடி?"

அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. அவளுக்கு இனி மிச்சமிருக்கிற வாழ்க்கை முழுக்க அந்த ஒரு பதிலை வைத்துத்தான் ஓட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

"இல்லம்மா" என்றேன். "வுட்ருக்க மாட்டாங்க. எனக்கு லீவே இல்ல அப்ப."

"நெசமாவா?"

"சத்தியமாம்மா."

அம்மா எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

7

அந்த ஜனவரியில் எனக்கு ஒன்பது நாள் லீவு மீதி இருந்தது. ஹெலனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே கிளம்பச் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. அப்பா போனபிறகு பனிமலைக்குப் போக யாருக்கும் மனமில்லை. மித்ராவும் கேட்கவில்லை. மார்ச் மாதம் முடிந்ததும் அந்த ஒன்பது நாளும் கணினியில் பூஜ்யமானது. அப்பாவின் தேங்காயாவது வீடாயிற்று. என்னுடையது அழுகிப் போயிற்று.

தமிழில் இதற்கு 'விடு' என்று ஒரே சொல். போக விடு, இருக்க விடு, என்னை விடு, போனால் போகிறது விடு. கொஞ்சம் நீட்டினால் வீடு. அப்பாவைப் போல இந்தச் சொற்களைக் கடிதத்தில் சரியாக எழுத எனக்கு வரவில்லை.

ஸ்வெட்டர் காய்ந்துவிட்டது. எழுத்துகள் போகவில்லை. மடித்து மித்ராவின் கட்டிலில் வைத்திருக்கிறேன். செப்டம்பரில் அவளை ரயிலேற்றும்போது அடுத்த தடவை சேர்த்து லீவு வாங்கிக்கொண்டு வா என்று சொல்ல மாட்டேன். வாய்வரை வரும், தெரியும். நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

ஆவடிப் பக்கம் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முத்தாபுதுப்பேட்டையில் இளநீலத்தில் மாடி ரூம் இருக்கிற வீட்டில் ஒரு அம்மா தனியாக இருக்கிறாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆனால் இவ்வளவு படிக்கமாட்டாள். யாரும் தயவுசெய்து இதை அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டாம். வுட்ருக்க மாட்டாங்க என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.